மருத்துவமனை நூலகரிடம் கேளுங்கள்

மருத்துவமனை நூலகத்தில் வேலை செய்கிறேன். டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீசியன், யார் வேண்டுமானாலும் தேடல் பற்றியும் படிப்பு பற்றியும் கேட்கலாம்.

ஐசியு நர்ஸ், மதுரை: வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு வாய் சுத்தம் செய்ய குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வேண்டும் என்கிறார் சீனியர். பிரஷ் போதும் என்கிறார் புது டாக்டர். இதையெல்லாம் நூலகரிடம் கேட்கலாமா?

இதைத்தான் கேட்க வேண்டும். முதலில் கேள்வியை உடைத்துக்கொள்ளுங்கள்: யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவைப் பார்க்கிறோம். இங்கே கடைசிப் பகுதியில்தான் விஷயமே இருக்கிறது. வாய்க் கிருமிகள் நுரையீரலுக்கு இறங்கி வரும் நிமோனியாவை மட்டும் பார்த்தால் குளோர்ஹெக்சிடின் குறைக்கிறது என்று காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட கட்டுரை, கிடைக்கும். இறப்பையும் சேர்த்துத் தேடினால், அது கூடியிருக்கலாமோ என்று ஐயம் எழுப்பிய 2014-ம் ஆண்டுத் தொகுப்பாய்வுகள் வரும். 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டி தினமும் பல் துலக்கிவிடச் சொல்கிறது, குளோர்ஹெக்சிடினைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஆக, சீனியரும் ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. இவை எல்லாவற்றையும் முழுக் கட்டுரைகளாக எடுத்துத் தருவது நூலகர் வேலை. முடிவு உங்கள் தொற்றுத் தடுப்புக் குழுவுடையது. கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வார்டில் எதையும் மாற்றாதீர்கள்.

முதுநிலை மாணவர், கோவை: கட்டுரைகளின் பிடிஎஃப் இலவசமாக எங்கே கிடைக்கும்?

அரசுக் கல்லூரி என்றால் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1 முதல் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டுகிறது. உங்கள் கல்லூரி பதிவாகியிருக்கிறதா என்று நூலகத்தில் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைத் தளத்தைப் பாருங்கள், அப்புறம் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

பயிற்சி மருத்துவர், சென்னை: கூகுளில் போட்டாலே வருகிறதே, இதற்கு நூலகர் எதற்கு?

2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஓர் ஆஸ்துமா ஆய்வு நடந்தது. ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். 24 வயதுத் தன்னார்வலர், நல்ல ஆரோக்கியத்தோடு வந்தவர், நுரையீரல் பழுதாகி இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்று 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் தேடிய பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தின் பதிவுகள் அன்று 1966-க்கு முன்னால் போகவில்லை. தேடும் தளம் எந்த ஆண்டு வரை போகிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏஐயிடம் கேட்டால் போதாதா என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில். கூடவே, அது தரும் ஒவ்வொரு மேற்கோளையும் பப்மெட்டில் சரிபாருங்கள். இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு கொடுக்கும்.

பெயர் சொல்லாதவர்: அம்மாவுக்குத் தைராய்டு. என்ன மாத்திரை நல்லது?

அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள்.

பல் மருத்துவ மாணவி, சேலம்: பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்குமா?

மேலே கோவைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

எலும்பியல் மருத்துவர், திருச்சி: மதுரை சிஸ்டர் கேட்டதைப் பார்த்தேன். நர்ஸுகளுக்கு ஆய்வுக் கட்டுரை எதற்கு சார்? எப்படிச் செய்வது என்று எழுதிவைத்த புரோட்டோகால் இருக்கிறது, அதைப் பின்பற்றினால் போதுமே.

டாக்டர், அந்த புரோட்டோகாலை யார் எழுதினார்கள், எந்த ஆண்டு எழுதினார்கள் என்று கேட்கும் உரிமை அதைத் தினமும் கையால் செய்பவருக்கு இல்லையா? நோயாளியின் வாயைத் திறந்து பார்ப்பது அவர்தான்.

ஐசியு நர்ஸ், மதுரை: புரோட்டோகாலில் இருப்பதைத்தான் சார் செய்கிறோம். அது பழசாகிவிட்டதா என்றுதான் கேட்டேன்.

எலும்பியல் மருத்துவர், திருச்சி: கேட்பதில் தப்பில்லை. ஆளுக்கொரு கட்டுரையைக் காட்டி வார்டில் வாதம் செய்தால் வேலை நடக்குமா?

அது நியாயமான கவலை. அதனால்தான் ஒரே கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வராமல், நூலகர் மொத்தமாகத் தேடித் தந்ததைக் குழுவில் வைத்துப் பேச வேண்டும் என்கிறேன். ஆனால் விதியையும் பாருங்கள். பதிவைப் புதுப்பிக்க நர்ஸுகள் ஐந்து ஆண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும். டாக்டர்களுக்கு 30 மணி நேரம். கூடுதலாகப் படிக்கச் சொல்லியிருப்பது நர்ஸுகளைத்தான். அப்படியிருக்க, நூலகக் கடவுச்சொல்லை டாக்டர்களுக்கு மட்டும் கொடுக்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நைட் டியூட்டி நர்ஸ், தஞ்சாவூர்: எங்கள் நூலகம் ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள். நாங்கள் எப்போது போவது?

போக வேண்டாம், நூலகம் உங்களிடம் வர வேண்டும். 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் நூலகர்கள் டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸ் போகத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு ஆள் இல்லை என்றால், ஒவ்வொரு வார்டிலும் ஒரு கேள்வி நோட்டு வைக்கச் சொல்லுங்கள். இரவு எழுதினால் காலையில் நூலகர் எடுத்துப் பதில் வைக்கலாம். நர்ஸிங் சூப்பரின்டெண்ட் கையெழுத்தோடு கேளுங்கள், மறுப்பது கஷ்டம்.

எலும்பியல் மருத்துவர், திருச்சி: நோட்டு நல்ல யோசனை. எங்கள் வார்டில் வைக்கிறேன்.

சிஸ்டர்களும் எழுதலாம் என்று அட்டையிலேயே போடுங்கள் டாக்டர்.

பார்மசிஸ்ட், ஈரோடு: பிடிஎஃப்...

மூன்றாவது முறை. மேலே படியுங்கள்.