திருப்பத்தில் நின்ற அம்மா

அன்புள்ள அக்கா,

நான் ஹட்டனில் ஆசிரியை. வயது 38, எடை 86 கிலோ. கிளினிக்கில் நடக்கச் சொல்கிறார்கள். ஜிம்மில் இருக்கும் தம்பியோ, மூச்சு வாங்க ஓடினால்தான் ஓமோன் சுரக்கும் என்கிறார். எது சரி? ஆறு மாதமாக நடக்கிறேன், இந்த மூட்டை குறைகிற மாதிரி இல்லை. அம்மா காலம் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்தவர், அவரும் குண்டுதான். பிறகு பயிற்சியால் என்ன பயன்? முருங்கைச் சாறு குடிக்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

சாறு கிடக்கட்டும். கீரையைச் சுண்டிச் சாப்பிடுங்கள்.

ஜிம் தம்பி சொன்னது பாதி சரி. கொழுப்பைக் கரைக்க உதவுகிற வளர்ச்சி ஓமோன் மெதுநடையில் பெரிதாக எழும்பாது. பேச முடியாமல் மூச்சு வாங்கும்போதுதான் நன்றாகச் சுரக்கும். அவர் சொல்லாத பாதி இது: வயிற்றில் கொழுப்பு சேர்ந்த உடம்பில், அதே மேட்டை ஏறினாலும் அது குறைவாகத்தான் சுரக்கும். பக்கத்தில் ஓடுகிற மெலிந்த பெண்ணுக்குக் கிடைக்கிற அளவு உங்களுக்குக் கிடைக்காது. சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எடை இறங்க இறங்க அந்தச் சுரப்பு திரும்பி வரும். கடும் பயிற்சியில் மன அழுத்த ஓமோனான கோர்ட்டிசோலும் ஏறும், பிறகு இறங்கிவிடும். அதற்குப் பயப்படாதீர்கள்.

ஆனால் 'மூட்டை' என்று எழுதினீர்களே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். என் அம்மாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாலாவது பிள்ளைக்குப் பிறகு அவருக்கு உடம்பு வைத்துவிட்டது. மேல்மலைக்கு ஏறும்போது ஒரு திருப்பத்தில் நின்றுவிடுவார். ஒரு கை இடுப்பில் இருக்கும். மறு கையால் கூடைக் கயிற்றைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பார், நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். மேலே நின்ற கங்காணி, "மூட்டை வருது, வழி விடுங்க" என்பார். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா எழும்புவது விடிய நாலு மணிக்கு. கோதுமை மா ரொட்டி, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி, காலையில் பேர் கொடுத்து வேலை வாங்கும் பிரட்டுக்களம், பகல் முழுக்கச் சரிவில் நிற்பது, வந்ததும் விறகு, தண்ணீர், அடுப்பு. படுக்கப் பதினொரு மணியாகும். வளர்ச்சி ஓமோன் மிக அதிகமாகச் சுரப்பது இரவில்தான், ஆழ்ந்த தூக்கத்தின் முதல் சில மணிநேரத்தில். தூக்கம் குறைந்தால் பசியும் கூடும். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில், இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட காலத்திலிருந்து நம் பெண்களிடம் எத்தனை கிலோ பறித்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை மணிநேரம் தூங்கினாய் என்று யார் கேட்டது? உங்கள் அம்மாவின் உடம்பை வைத்துப் பயிற்சிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். நீங்களும் எனக்குக் கிலோவை எழுதினீர்கள், படுக்கிற நேரத்தை எழுதவில்லை.

சரி, ஓட்டமா நடையா? முதலில் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்த்து, கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். நடையை விடவேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், ஏற்றம் வரும் இடத்தில் ஒரு நிமிடம் பேச முடியாத வேகத்தில் ஏறுங்கள். மூச்சு அடங்கும்வரை மெதுவாக நடந்து, திரும்ப ஒரு நிமிடம். இப்படி மூன்று நாலு தடவை போதும். நிற்கத் தோன்றினால் நில்லுங்கள். யாராவது சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரிக்காதீர்கள்.