137 கிலோஹேர்ட்ஸ் அம்ப்ளிபயரில் கீயை விட்டதும் பெற் ஏன் எரிகிறது?

நீங்கள் கேட்டது: மோர்ஸ் கீயால் இயக்கும் 137 கிலோஹேர்ட்ஸ் ரேடியோ அம்ப்ளிபயரில் இரண்டு ஐஆர்எப்540என் பெற்றை (FET, சுவிட்ச் போல வேலை செய்யும் ட்ரான்சிஸ்ரர்) மாறிமாறித் திறக்கும் புஷ்-புல்லாகப் போட்டு, 4013 பிளிப்-பிளொப்பின் (ஒன்று மேலே இருந்தால் மற்றது கீழே இருக்கும் இரண்டு அவுட்புட் கொண்ட லொஜிக் ஐசி) இரண்டு அவுட்புட்டையும் நேராகக் கேற்றுக்கு (பெற்றைத் திறந்து மூடும் முனை) கொடுத்திருக்கிறீர்கள். பெற் கொதிக்கிறது, சிலவேளை கீயை விட்டதும் ஒன்று எரிந்தும் போகிறது. இவை இரண்டு வேறு வியாதிகள்.

சூடு எளிய விஷயம். இந்தப் பெற் முழுதாகத் திறக்க அதன் கேற்றுக்குள் 71 நானோகூலோம் வரை மின்னேற்றம் போகவேண்டும். 4013 தருவது சில மில்லிஅம்பியர். 10 தருகிறது என்றே வைப்போம், 7 மைக்ரோசெக்கன் ஆகிவிடும். 137 கிலோஹேர்ட்ஸில் அரைச் சுற்றே 3.65 மைக்ரோசெக்கன்தான். பாதி திறந்த நிலையில் நின்று பெற் வேகிறது. இடையில் டிசி4426 (TC4426) டிரைவரைப் போடுங்கள், கேற்றுக்கு வேண்டிய கரண்டைத் தருவது அதுதான். ஒரே ஐசியில் இரண்டு டிரைவர், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர் உச்சம். சராசரியாக ஒரு கேற்றுக்கு 10 மில்லிஅம்பியர்தான் போகும், ஆனால் அந்த உச்சம் வருவது ஐசியின் காலடியில் இருக்கும் கப்பாசிற்றரில் இருந்து. அதை ஓர் அங்குலம் தள்ளி வைத்தாலும் வித்தியாசம் ஒசிலோஸ்கோப்பில் தெரியும்.

எரிவதுதான் முக்கியமான விஷயம். கீயை விட்டதும் உங்கள் ஒசிலேற்றர் நிற்கிறது. 4013 அப்போது சும்மா இருப்பதில்லை, ஒரு அவுட்புட் மேலேயேதான் (உயர் வோல்ற்றில்) நிற்கும். அந்தப் பக்கத்துப் பெற் திறந்தபடியே கிடக்க, ட்ரான்ஸ்போமரின் கோர் காந்தத்தால் நிரம்பி, 12 வோல்ற் சப்ளைக்கு முன்னால் வெறும் கம்பி ஆகிவிடுகிறது. பிறகென்ன, பட்டாசுதான்.

மருந்து 4013க்குள்ளேயே இருக்கிறது. அதன் செற், ரீசெற் பின்கள் இரண்டையும் ஒன்றாக மேலே இழுத்தால் இரண்டு அவுட்புட்டும் மேலே போகும். டிசி4426 தலைகீழாக்கும் டிரைவர் என்பதால் இரண்டு கேற்றும் பூச்சியத்துக்கு வந்துவிடும். கீயை இங்கேதான் பூட்டவேண்டும், ஒசிலேற்றரில் அல்ல. ஒசிலேற்றரே தானாக நின்றால்? க்ளொக்கை இரண்டு டையோட்டும் சின்னக் கப்பாசிற்றரும் வைத்து டிசியாக்கி, 40106 (தலைகீழாக்கும் லொஜிக் ஐசி) இன் ஒரு பகுதி வழியாக அதே செற், ரீசெற் பின்களுக்குக் கொடுங்கள். கீயில் இருந்து வரும் கம்பியும் அங்கேயே வருவதால் இரண்டையும் டையோட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் டிசி4426 அகப்படாவிட்டால், பிடி139, பிடி140 (BD139, BD140) ட்ரான்சிஸ்ரர் சோடியில் எமிற்றர் பொலோவர் (சிக்னலை அப்படியே பின்தொடர்ந்து கூடுதல் கரண்ட் தரும் சுற்று) கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கட்டலாம், வேகமும் போதும். ஆனால் அது தலைகீழாக்காது. மேலே சொன்ன செற்-ரீசெற் வித்தையை அதோடு சேர்த்தால் இரண்டு பெற்றும் ஒன்றாகத் திறக்கும். ஆகவே இடையில் சிக்னலைத் தலைகீழாக்கும் லொஜிக் இன்வேற்றர் ஒன்று கட்டாயம்.

மற்றவை சில்லறை: கேற்றுக்குத் தொடராக 10 ஓம், அதன் குறுக்கே விரைவாக மூடுவதற்கு ஒரு டையோட், கேற்றில் இருந்து சோர்ஸுக்கு (பெற்றின் கிரவுண்ட் பக்க முனை) 10 கிலோஓம். முதலில் ட்ரெய்னுக்கு (ட்ரான்ஸ்போமர் பக்க முனை) சப்ளை கொடுக்காமல் கேற் அலையை மட்டும் பாருங்கள். அப்புறம் சப்ளையோடு தொடராகக் கார் ஹெட்லைட் பல்ப் ஒன்றைப் போட்டு, டம்மி லோட்டில் (அன்டெனாவுக்குப் பதிலாகப் போடும் ரெசிஸ்ரர்) கீயை அடித்துப் பாருங்கள். வெள்ளவத்தை மாடிவீட்டில் இந்த 137 கிலோஹேர்ட்ஸின் 2,200 மீற்றர் அலைக்கு அன்டெனா கட்டுவது வேறு தலையிடி, அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.