கேட்பது குற்றமா?

கேள்வி: ‘சல்லி’ படம் பார்த்தேன். ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 உயிர்களைக் காத்த விமானியைக் குற்றவாளி போல விசாரிக்கிறார்களே, அமெரிக்கா அவருக்குத் தரும் மரியாதை இதுதானா?

பதில்: நீங்கள் கோபப்பட வேண்டும் என்றே க்ளின்ட் ஈஸ்ட்வுட் அந்தக் காட்சிகளை எடுத்திருக்கிறார், நீங்களும் ஏமாற்றவில்லை. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய அந்த ஏர்பஸ் ஏ320, மூவாயிரம் அடியைக்கூட எட்டுவதற்குள் கனடா வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு எஞ்சின்களின் உந்துவிசையையும் இழந்தது. ஆற்றைத் தொடும்வரை விமானி சல்லன்பெர்கருக்குக் கிடைத்தது சுமார் மூன்றரை நிமிடம். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு அது போதாது, ஒரு வில்லனும் வேண்டும். வாத்துகளை வில்லனாக்க முடியாததால், விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அகப்பட்டுக்கொண்டது.

விமான நிலையத்துக்குத் திரும்பியிருக்க முடியுமா என்பதை, முடிவெடுக்க மனிதனுக்கு ஆகும் 35 விநாடிகளைச் சேர்த்து, சிமுலேட்டரில் (விமான ஓட்டத்தைத் தரையிலேயே நடித்துக் காட்டும் கருவி) ஓட்டிப் பார்க்கும்படி விமானி வாதாடி வெல்வதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அந்தத் தாமதத்தைச் சேர்த்துப் பார்த்து, லாகார்டியாவுக்குத் திரும்ப முயன்றிருந்தால் விமானம் ஓடுபாதையை எட்டியிருக்காது என்று கண்டதும், ஆற்றில் இறக்கியதே பயணிகள் பிழைக்க அதிக வாய்ப்பளித்த முடிவு என்று 2010இல் அறிக்கையில் எழுதியதும் அதே வாரியம்தான்.

கேட்க வேண்டியவற்றைக் கேட்டதால் கிடைத்ததைப் பாருங்கள். துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ் அவசர அவசரமாகப் புரட்டிய சரிபார்ப்புப் பட்டியல், இருபதாயிரம் அடிக்கு மேல் எஞ்சின்கள் நின்றால் என்ன செய்வது என்று நிதானமாக எழுதப்பட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் அவரால் முடிக்க முடிந்தது. பட்டியல் அந்தப் படியைச் சொல்லும்வரை காத்திராமல், வால்பகுதியில் உள்ள சிறிய துணை எஞ்சினைச் சல்லன்பெர்கர் உடனே இயக்கியதால்தான் விமானத்துக்கு மின்சாரம் தடைபடவில்லை. வாரியம் அந்தச் சமயோசிதத்தைப் பாராட்டியதோடு, தாழ்வான உயரத்துக்கென்று தனிப் பட்டியல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. வெறும் மாலை மரியாதையோடு விட்டிருந்தால் அந்தப் பட்டியலின் குறை அப்படியே இருந்திருக்கும்.

விசாரணை நடந்த மாதங்கள் தமக்கு மன உளைச்சலைத் தந்தன என்பதைச் சல்லன்பெர்கர் மறைத்ததில்லை. ஆனாலும், திரைக்கதையில் இருந்த விசாரணை அதிகாரிகளின் உண்மையான பெயர்களை எடுத்துவிடச் சொன்னவரும் அவரே என்று, படத்தில் அவராக நடித்த டாம் ஹாங்க்ஸ் சொல்லியிருக்கிறார். அவருக்கே அவர்கள்மீது இல்லாத கோபம் உங்களுக்கு எதற்கு?