பன்றி கம்பெனிக்கு, கழிவு ஊருக்கு

கால்நடை டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர் ஐயா, போன கோடையில் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராலே பக்கம் இருக்கிறாள். அங்கிருந்து வில்மிங்டன் கடற்கரைக்குக் காரில் போகும்போது நடுவழியில் குடலைப் பிடுங்கும் நாற்றம். கண்ணாடியை ஏற்றியும் அடங்கவில்லை. “பன்றிப் பண்ணைம்மா” என்றாள். ஆனால் வழி நெடுக ஒரு பன்றியைக்கூட நான் பார்க்கவில்லையே?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பார்க்க முடியாதும்மா. நீங்கள் தாண்டிப் போனது வட கரோலினா மாநிலத்தின் சாம்சன், டுப்லின் கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி). டுப்லினில் ஜனங்கள் மொத்தமே சுமார் 50,000 பேர். பன்றிகள் 20 லட்சம் அளவில் இருக்கும். அத்தனையும் நீளநீளமான கொட்டகைகளுக்குள்தான் வளர்கின்றன. அவை வெளி வெளிச்சத்தைப் பார்ப்பது பெரும்பாலும் லாரி ஏறும் அன்றைக்குத்தான்.

கொட்டகைத் தரை இடுக்கு விட்ட சிமென்ட் பலகை. சாணமும் மூத்திரமும் அந்த இடுக்கு வழியாகக் கீழே விழும். அதைத் தண்ணீரோடு தள்ளி, வெளியே வெட்டி வைத்த திறந்த குட்டையில் விடுகிறார்கள். பாக்டீரியா பெருகிப் பல குட்டைகள் ரோஸ் நிறத்தில் இருக்கும். குட்டை வழியக்கூடாதே, அதற்காக அந்தத் தண்ணீரைப் பக்கத்து வயலில் பெரிய குழாய் வைத்துப் பீய்ச்சுகிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீட்டில் துணி காயப் போட முடியாது. நாமக்கல்லில் நான் வேலை பார்த்த காலத்தில், கோழி ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண் கரித்தால் அம்மோனியா ஏறிவிட்டது என்று அர்த்தம், உடனே படுதாவைத் தூக்கச் சொல்வேன். டுப்லின்காரர் எந்தப் படுதாவைத் தூக்குவார்?

இது பரம்பரையாக வந்த தொழிலும் இல்லை. முன்பு வீட்டுக்குக் கொஞ்சம் பன்றி வைத்திருந்தார்கள். கோழிக்கு இருந்த ஒப்பந்த முறையைப் பன்றிக்குக் கொண்டுவந்து பெரிய ஆளானவர் டுப்லின் கவுண்டியின் ரோஸ் ஹில் ஊர்க்காரர் வெண்டல் மர்ஃபி. 1980-களில் மாநிலச் சட்டமன்றத்துக்கும் போனார். பண்ணையை எங்கே கட்டலாம் என்று கவுண்டி நிர்வாகம் கைவைக்க முடியாதபடி 1991-ல் சட்டம் வந்தபோது அவரும் உறுப்பினர். மறு வருஷமே பக்கத்து பிளேடன் கவுண்டியில் உலகத்திலேயே பெரிய பன்றி வெட்டும் ஆலை திறந்தார்கள், நாளுக்கு 30,000 பன்றிக்கு மேல். அப்புறம் பண்ணைக்குக் கேட்பானேன்!

ஒப்பந்தக் கணக்கு எப்படி என்றால், பன்றியும் தீவனமும் கம்பெனியுடையது. நிலமும் கொட்டகையும் பேங்க் கடனும் விவசாயியுடையது. கழிவும் அவர் தலையில்தான். 1995-ல் ஆன்ஸ்லோ கவுண்டியில் ஒரு குட்டைக் கரை உடைந்து சுமார் ஒன்பதரைக் கோடி லிட்டர் கழிவுநீர் நியூ ஆற்றுப் பக்கம் போனது. 1999-ல் ஃபிளாய்ட் புயலில் குட்டைகள் வெள்ளத்தோடு கலந்தன, ஆயிரக்கணக்கில் பன்றிகள் மிதந்தன. இடையில் 1997-லேயே குட்டை வைத்துப் புதுப் பண்ணை தொடங்கத் தடை வந்துவிட்டது. ஆனால் இருந்த குட்டைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. நல்ல மாற்று வழி இல்லாமலும் இல்லை. 2000-ல் மாநில அரசுத் தரப்போடு கம்பெனி போட்ட ஒப்பந்தப்படி, கம்பெனிப் பணத்திலேயே வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆராய்ந்து சில வழிகளைக் காட்டியது. கட்டுப்படியாகாது என்று கோப்பை மூடினார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்கு எது கட்டுப்படியாகும் என்று கேட்கத்தான் ஆளில்லை.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மாவும் இருக்கவில்லை. ஏறக்குறைய 500 பேர் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள், பெரும்பாலும் தலைமுறையாக அங்கேயே இருக்கும் கறுப்பினக் குடும்பங்கள். 2018-ல் முதல் தீர்ப்பில் பத்துப் பேருக்கு 5 கோடி டாலருக்கு மேல் என்றது ஜூரி. மாநிலச் சட்டத்தில் தண்டனையாகப் போடும் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு இருந்ததால் அது 32.5 லட்சம் டாலராகச் சுருங்கியது. அதே வருஷம் சட்டமன்றம், இனிமேல் இப்படி வழக்கே போட முடியாத அளவுக்குச் சட்டத்தை இறுக்கிவிட்டது.

கேள்வி: எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. ஒப்பந்தத்தில் பிராய்லர் ஷெட் போட ஒரு கம்பெனிக்காரர் நச்சரிக்கிறார். போடலாமா?
- ஒரு வாசகர், பல்லடம்

பதில்: நம் ஊரில் ஒரு அனுகூலம் உண்டு, தம்பி. நார்த்தூளில் விழும் கோழி எரு காய்ந்திருக்கும், காசு கொடுத்து லோடு அடித்துப் போவார்கள். தண்ணீராக இருக்கும் பன்றிக் கழிவை அப்படித் தூரமாகக் கொண்டுபோக முடியாது. சரி, கையெழுத்துக்கு முன்னால் இரண்டு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: குஞ்சு விடத் தாமதமானால் அந்த மாத பேங்க் தவணை யார் பொறுப்பு, செத்த கோழியை எங்கே புதைப்பது. அப்புறம், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நிலத்துக்குக் கிழக்கே யார் வீடு இருக்கிறது? அதை எழுதவில்லையே.