எத்தனை எம்.எல். குடுக்கறதுங்க?

மருந்து கவுண்ட்டர்ல முப்பது வருசம் நின்னவளுங்க நான். இப்ப ஓய்வு. கொழந்தைகளுக்கு மருந்து குடுக்கறதுல என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொன்னேன், கோபியில இருந்து பொள்ளாச்சி வரைக்கும் கேட்டுட்டாங்க. முடிஞ்சவரைக்கும் பதில் சொல்லியிருக்கறேன்.

அக்கா, பாப்பாவுக்கு 9 மாசம். காய்ச்சல் மருந்து எத்தனை எம்.எல். குடுக்கறதுங்க? (கோபி)

எந்த பாட்டில்னு சொல்லாம எப்படிச் சொல்றது அம்மிணி? பாரசிட்டமால் மூணு தினுசா வருது. ஒண்ணுல 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். இன்னொண்ணுல அதே 5 மில்லிக்கு 250. சொட்டு மருந்துல 1 மில்லிக்கே 100. அட்டைப்பெட்டி, நெறம், வாசம் எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்கும்.

கணக்கு வயசுக்கு இல்லீங்க, எடைக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம். உங்க பாப்பா 8 கிலோன்னு வெச்சுக்குங்க, 120 மில்லிகிராம் வேணும். 120 சிரப்பா இருந்தா 5 மில்லி. 250 சிரப்பா இருந்தா 2.4 மில்லி. சொட்டு மருந்துன்னா 1.2 மில்லி, அவ்வளவுதான். சின்ன பாட்டில்தானேன்னு சொட்டு மருந்துல 5 மில்லி ஊத்துனா 500 மில்லிகிராம் போயிரும், நாலு பங்குக்கு மேல. கல்லீரல் தாங்காது.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேரம் விடுங்க. ரொம்ப முடியலைன்னாலும் 4 மணி நேரத்துக்கு முன்னால வேண்டாம். ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல கூடாது. அம்மா ஒருக்கா, அம்மாயி ஒருக்கான்னு தெரியாம ரெண்டு பேரும் குடுத்த வீடு நெறையப் பாத்திருக்கறேன். குடுத்த நேரத்தைக் காலண்டர்ல எழுதி வைங்க.

எடை எப்படிங்க பாக்கறது? வீட்டுல தராசு இல்லீங்க. (கவுந்தப்பாடி)

அங்கன்வாடியில பாக்கலாம். இல்லாட்டி கொழந்தையைத் தூக்கிட்டு எடை மெஷின்ல ஏறுங்க, பொறவு நீங்க மட்டும் ஏறுங்க, கழிச்சுக்குங்க. சர்க்கரை மண்டியில நூறு கிராம் கொறஞ்சாலே சண்டைக்குப் போற ஊருங்க நம்முளுது. பேத்திக்கு மருந்துன்னா மட்டும் "ஒரு எட்டு ஒம்பது கிலோ இருக்கும்"ங்கறாங்க. ஆறு மாசத்துக்கு முந்தி தடுப்பூசி அட்டையில எழுதுன எடையும் ஆகாது.

டீ ஸ்பூன்ல குடுக்கலாமுங்களா? (திருப்பூர்)

வேண்டாமுங்க. ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. மெடிக்கல்ல ஊசி இல்லாத சிரிஞ்ச் கேளுங்க, அஞ்சு பத்து ரூவாதான் ஆகும். பாட்டிலை நல்லாக் குலுக்கிட்டு உறிஞ்சுங்க. கொழந்தையை நிமிந்தாப்புல உக்காரவெச்சு, கன்னத்துக்கு உள்பக்கமாக் கொஞ்சங்கொஞ்சமா விடுங்க. தொண்டைக்கு நேரா அடிச்சா பொரையேறிரும்.

குடுத்ததும் கக்கிட்டான். மறுக்கா குடுக்கட்டுமா? (காங்கேயம்)

பாரசிட்டமாலா இருந்து, அரை மணி நேரத்துக்குள்ள கக்குனா ஒருக்கா மறுபடி குடுக்கலாம். அதுக்கு மேல ஆயிருந்தா அடுத்த வேளை வரைக்கும் பொறுங்க. திரும்பத் திரும்பக் கக்கறான்னா மருந்தை விட்டுட்டு டாக்டர்கிட்டக் காட்டுங்க.

ரெண்டு மாசக் கொழந்தைங்க. உடம்பு சுடுது, 101 காட்டுது. (பவானி)

இதுக்கு எங்கிட்ட அளவு கேக்காதீங்க. மூணு மாசத்துக்குள்ள 100.4க்கு மேல போனா, ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும். "தடுப்பூசி போட்ட சூடுதான்"னு நீங்களா முடிவு பண்ண வேண்டாம், அங்க போய்ச் சொல்லுங்க.

பாரசிட்டமால்ல கேக்கலீங்க, மெஃபனமிக் குடுக்கலாமா? பக்கத்து வீட்டுல டெங்கு வேற. (ஈரோடு)

டெங்குன்னு ஒரு சந்தேகம் இருந்தாலே மெஃபனமிக், ஐபுப்ரூஃபன், ஆஸ்பிரின் எதையும் தொடாதீங்க. ரத்தக்கசிவு எச்சாயிரும். ஆஸ்பிரின் எப்பவுமே கொழந்தைகளுக்கு ஆகாது. காய்ச்சல் நம்பர் எறங்கறதை விட, பாப்பா பால் குடிக்குதா, மூத்திரம் போகுதா, முழிச்சு வெளையாடுதான்னு பாருங்க. அதுல கொறைச்சல் தெரிஞ்சா ரத்தப் பரிசோதனைக்கு லேட் பண்ணாதீங்க.

ஒன்றரை வயசு. சளி, இருமல். போன தடவை வாங்குன சிரப் பாதி இருக்குது. (பொள்ளாச்சி)

கொட்டிருங்க. ரெண்டு வயசுக்குள்ள இருமல், சளி சிரப்பே வேண்டாம்னு 2025ல மத்திய சுகாதாரத் துறை சொல்லியாச்சு, அஞ்சு வயசுக்குள்ளயும் பொதுவா பரிந்துரைக்கறதில்லை. அந்த வருசந்தான் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல டைஎத்திலீன் கிளைகால்ங்கற விஷம் கலந்த இருமல் சிரப் குடிச்சு கொழந்தைக செத்தாங்க, சிறுநீரகம் செயலிழந்து. அந்த மருந்து நம்ம தமிழ்நாட்டுல தயாரானது. இன்னொண்ணு, சளி சிரப் நெறையதுல பாரசிட்டமாலும் சேந்திருக்கும். தனியாக் காய்ச்சல் மருந்தும் குடுத்தீங்கன்னா ரெட்டிப்பு. மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு விடுங்க. தேன் ஒரு வயசு தாண்டுனவங்களுக்கு மட்டும்.

அப்பத்தா கற்பூரத்தை எண்ணெய்ல கரைச்சு நெஞ்சுல தேய்க்கறேன்னு வருவாங்க. மரியாதையா வேண்டாம்னு சொல்லிருங்க. கற்பூரம் உள்ள போனா வலிப்பு வரும்.

வயித்தால போகுது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பாதி போட்டு அரை டம்ளர்ல கலக்கலாமா? (தாராபுரம்)

முழுப் பாக்கெட், அதுல எழுதியிருக்கற தண்ணிக்கு. பெருசுன்னா 1 லிட்டர், சின்னதுன்னா 200 மில்லி. கெட்டியாக் கலக்குனா உப்பு எச்சாகி இன்னும் மோசமாகும். 24 மணி நேரத்துல மிச்சத்தைக் கொட்டிருங்க. துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் கேட்டு வாங்குங்க: ஆறு மாசம் தாண்டுனா தெனம் 20 மில்லிகிராம், 14 நாள். வயித்தால நின்னாலும் விடாமக் குடுங்க.

அக்கா, நேத்து சாயங்காலம் ரெண்டு வயசுப் பையன் அப்பத்தாவோட சர்க்கரை மாத்திரையை வாயில போட்டுட்டான். எத்தனைன்னு தெரியலை. இப்ப நல்லாத்தான் வெளையாடறான். (உடுமலை)

வெளையாடறான்னு இருந்துராதீங்க சாமி. சில சர்க்கரை மாத்திரை ஒண்ணே ஒண்ணு போனாலும் பல மணி நேரம் கழிச்சுச் சர்க்கரையைக் கீழ எறக்கிரும், தூக்கத்துலயே மயங்கிருவான். வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108க்குக் கூப்புடுங்க, இல்லாட்டி வண்டி கெடைச்சா இப்பவே கெளம்புங்க. அந்த மாத்திரை அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க, எத்தனை காலியா இருக்குதுன்னு அங்க எண்ணிக்குவாங்க.