காலமானவர் பெயரில் ஆர்.சி. இருக்கும் பழைய காரை வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டில் பல வருடமாக நிற்கும் ஃபியட் காரை விலை பேசியிருக்கிறேன். ஆர்.சி. புக் விற்பவருடைய காலமான அப்பா பெயரில் இருக்கிறது. "ஃபாரம் 29, 30-ல் அப்பா கையெழுத்து அப்போதே வாங்கி வைத்திருக்கிறேன், பிரச்சினை வராது" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: இப்படியே வாங்காதீர்கள். விற்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அந்த வண்டியை விற்கும் உரிமை அவர் ஒருவர் கையில் இல்லை.

தேவகோட்டையில் ஆட்டோ கன்சல்டிங் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளின் ஷெட்டில் நிற்கும் ஃபியட், அம்பாசடர்களுக்கு வெளியூரிலிருந்து ஆள் வந்தபடிதான் இருக்கிறது. பலர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்கு வாங்குகிற மாதிரி, காசைக் கொடுத்தோம் எடுத்தோம் என்று நினைத்து வருகிறார்கள். தூக்குக்கு ஆர்.சி. கிடையாது, காருக்கு உண்டு.

முதலில் அந்தக் கையெழுத்து. ஃபாரம் 29 என்பது வண்டியை இன்ன தேதியில் இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று உரிமையாளர் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்வது. ஃபாரம் 30 பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம், அதில் உங்கள் கையெழுத்தும் வரும். காலமானவர் எப்போதோ வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்துக்கு மேலே இன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதினால் அது பொய் ஆவணம். பக்கத்திலேயே நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். "அதெல்லாம் ஓடிரும் சார்" என்று சொல்கிற ஏஜென்ட், நாளைக்கு வழக்கு என்று வந்தால் உங்களோடு ஸ்டேஷனுக்கு வரமாட்டார்.

அடுத்தது பங்காளிகள். உண்மையான சிக்கல் இங்கேதான். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வளவு வீட்டில் (நடுவே முற்றம் வைத்த செட்டிநாட்டுப் பெரிய வீடு) நானே பார்த்தது: வாங்கியவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, இழுத்துப்போக வண்டியோடு வந்துவிட்டார். தார்ப்பாயை எடுத்து, தரையோடு அமுங்கிக் கிடந்த டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தோம். கும்பாபிஷேகத்துக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த மூத்த ஆச்சி உள்ளேயிருந்து வந்தார். இங்கே அக்காவை ஆச்சி என்றும் அப்பாவை அப்பச்சி என்றும் சொல்வார்கள். "ஏன்டாப்பா, அப்பச்சி காரை விக்க என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்றார். காரை விற்ற தம்பி, "உங்களுக்குச் செய்ய வேண்டிய சீரெல்லாம் அப்பச்சியே செஞ்சாச்சே ஆச்சி" என்றார். காற்றடிக்கும் பம்பை நிறுத்திவிட்டோம்.

சீர் செய்தது வேறு, வாரிசுரிமை வேறு. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கார், உயிலும் எழுதவில்லை என்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாயார், எல்லாருக்கும் பங்கு உண்டு. இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: யாராவது சுவீகாரம் (தத்து) போயிருக்கிறார்களா, வந்திருக்கிறார்களா? வேறு வீட்டுக்குச் சுவீகாரம் போன பிள்ளைக்குப் பெற்ற அப்பாவின் சொத்தில் வாரிசுரிமை இல்லை. சுவீகாரம் வந்த பிள்ளைக்கு முழு உரிமை உண்டு. உங்களிடம் பேசும் "மகன்" இதில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது.

தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் விற்க முடியாது என்பதுதான் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கூட்டுச் சொத்தை மற்றவர்கள் சம்மதத்தோடு ஒருவர் மட்டும் தன் வசம் வைத்திருந்து விற்றால், பங்கு விவகாரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. உங்களுக்கு அது எடுபடாது. ஆர்.சி. அப்பா பெயரில் இருப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்களே!

சரி, என்னதான் வழி? வண்டி முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு வரட்டும். அதற்கென்றே ஃபாரம் 31 இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். இறந்து 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு அபராதம் கேட்பார்கள், அது விற்பவர் செலவு. ஆர்.சி. காலாவதியாகியிருந்தால் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) எடுத்துப் புதுப்பிப்பதும் அவர் பாடு. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்குத்தான்.

வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் பயப்பட வேண்டாம், பழைய கைப்பிரதி ஆர்.சி. பல இன்னும் கணினியில் ஏறவில்லை. சிவகங்கை மாவட்டமே 1985-ல்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய வண்டி என்றால் எந்த ஆபீஸ் பதிவேட்டில் இருக்கிறது என்று தேடிப்பிடிக்க வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடனை எப்போதோ கட்டி முடித்திருப்பார்கள், கடன் முடிந்தது என்று ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்துப் போடும் ஃபாரம் 35 வாங்கி, ஆர்.சி.யில் அந்தப் பெயரை ரத்து செய்திருக்க மாட்டார்கள். அந்த ஃபைனான்ஸ் கம்பெனியே இப்போது இல்லை என்றால் அலைச்சல்தான்.

வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள், எஞ்சின் நம்பரையும்தான். ஒரு காலத்தில் பெட்ரோல் செலவு தாங்காமல் ஃபியட்டிலும் அம்பாசடரிலும் டீசல் எஞ்சின் மாற்றிப் போட்டார்கள், ஆர்.சி.யில் ஏற்றாமலேயே ஓட்டினார்கள். 50 ஆண்டு தாண்டிய வண்டி, வின்டேஜாகப் பதியலாம் என்று உங்களிடம் சொல்லியிருந்தாலும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். 2021-ல் வந்த அந்த விதி வண்டியின் அசல் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், தினசரி ஓட்டவும் முடியாது.

அட்வான்ஸ் கேட்டால், வாரிசுச் சான்றிதழின் நகலைப் பார்த்த பிறகு, சிறு தொகையாக வங்கி வழியாகக் கொடுங்கள். ரசீதில் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் இருக்கட்டும். "ஆச்சி சிங்கப்பூரில் இருக்கிறார், அவர் ஒன்றும் சொல்லமாட்டார்" என்றால் ஒரு வீடியோ கால் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்காமல் போட்டுத் தருகிறாரா, "நெட் சரியில்லை" என்கிறாரா என்று பாருங்கள்.