கெல்ஸ் ஊருக்குப் போனால் ‘கெல்ஸ் நூலை’ப் பார்க்கலாமா?

கேள்வி: மகள் அயர்லாந்தின் டப்ளினில் வேலை பார்க்கிறாள். நானும் என் மாமியாரும் அவளிடம் போகிறோம். கெல்ஸ் ஊருக்குப் போய், துறவிகள் எழுதிய அந்த நற்செய்தி நூலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை. அவருக்கு வயது 74, முழங்கால் வலி உண்டு. ஒரே நாளில் போய் வர முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அங்கே போய் அம்மா ஏமாறக் கூடாது. அந்த நூல் கெல்ஸில் இல்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே டப்ளினுக்குப் போய்விட்டது. இப்போது இருப்பது டிரினிட்டி கல்லூரியில். கன்றுத் தோலில் எழுதிய 340 ஏடுகளில், அந்த நேரத்தில் விரித்து வைத்திருக்கும் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். நேரம் குறித்த டிக்கெட்டை மகளிடம் சொல்லி முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

அப்படியென்றால் கெல்ஸ் வேண்டாமா? கட்டாயம் போங்கள். நூலைப் பார்த்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. 806இல் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர் ஸ்காட்லாந்துக் கரையோரத் தீவான அயோனாவைத் தாக்கி 68 பேரைக் கொன்றார்கள். புனித கொலும்பா தொடங்கிய மடம் அது. தப்பிய துறவிகளுக்கு அடைக்கலமாக எழுந்ததுதான் கெல்ஸ் மடம். நூலை அயோனாவில் எழுதினார்களா, இங்கே எழுதினார்களா, அங்கே தொடங்கி இங்கே தொடர்ந்தார்களா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. 1007இல் இங்கிருந்துதான் அது களவு போனது. பொன் அட்டையைப் பிய்த்துக்கொண்டு, ஏடுகளை மண்ணில் புதைத்துவிட்டுப் போயிருந்தான் திருடன்.

டப்ளினிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். கெல்ஸுக்கு ரயில் கிடையாது. நாவன் வழியாகப் போகும் 109ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சிறியது, பார்க்க வேண்டியதெல்லாம் பக்கம் பக்கமாகவே இருக்கிறது. காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

நேராகத் தேவாலய வளாகத்துக்குப் போய்விடுங்கள். சுமார் 26 மீட்டர் உயரமுள்ள வட்டக் கோபுரத்துக்கு இன்று கூரை இல்லை. உள்ளே ஏற முடியாது, அண்ணாந்து பார்ப்பதோடு சரி. உச்சியில் வழக்கமான நான்குக்குப் பதில் ஐந்து ஜன்னல்கள். ஊருக்குள் வரும் ஐந்து சாலைகளையும் கண்காணிக்க என்பார்கள்.

பக்கத்தில் நிற்கும் கற்சிலுவையில் ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், சிங்கங்களுக்கு நடுவே தானியேல் எல்லாரும் இருக்கிறார்கள். வேதாகமம் படித்துப் பழகிய உங்கள் மாமியாருக்கு வழிகாட்டியே தேவைப்படாது. ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது அங்கேயே இருக்கும் முடிவுபெறாத சிலுவைதான். சிலுவைப்பாட்டுக் காட்சியில் உருவங்கள் பாதி எழும்பி நிற்கின்றன. மற்ற இடங்களில் செதுக்கக் காத்திருக்கும் வெறும் கல்மேடுகள். முதலில் சிலுவையின் வடிவத்தை வெட்டி, காட்சிக்கான இடத்தைப் புடைப்பாக விட்டு, பிறகுதான் உளி உருவத்துக்குள் போயிருக்கிறது. முடிந்த சிலுவையில் மறைந்துபோகும் இந்த வேலை வரிசை இங்கே அப்படியே தெரிகிறது. சிற்பி ஏன் பாதியில் விட்டார் என்று நான் ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன்.

சந்தைச் சிலுவை பழைய நீதிமன்றக் கட்டடத்தின் முன்னே கூரைக்குக் கீழ் நிற்கிறது. அதன் அடிப்பீடத்துக் குதிரை வீரர்களை விட்டுவிடாதீர்கள்.

கொலும்பாவின் வீடு என்று அழைக்கும், கல்லாலேயே கூரை வேய்ந்த சிறு கட்டடம் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். சாவி யாரிடம், எப்போது திறப்பார்கள் என்பதை முன்கூட்டியே மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். உள்ளே மேல்தளத்துக்குப் போக ஏணி மட்டும்தான், செங்குத்தாக இருக்கும். அம்மா ஏற வேண்டாம். கீழே நின்றாலே அந்தச் சுவர்களின் கனம் தெரியும்.

தேவாலய வளாகத்தில் புல் ஈரமாக இருந்தால் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளட்டும், கைத்தடியும் இருக்கட்டும். குடையைக் காற்று திருப்பிவிடும், தலையை மூடும் மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.